ஊடகப் பட்டம்: வரவும் செலவும்

முன்னுரை

கல்வியைக் காசால் எடை போடலாமா என்று கேட்போர் உண்டு. போடலாகாது என்பதே நம் முன்னோர் கொள்கை. ஆனால் கல்வி பெறுவதற்குக் காசு வேண்டியிருக்கிறது. அந்தக் காசு பல வீடுகளில் அடகு வைத்த நகையிலிருந்தோ வாங்கிய கடனிலிருந்தோதான் வருகிறது. அவ்வாறு வரும்போது கணக்குப் பார்ப்பது கல்வியை இழிவுபடுத்துவது ஆகாது. காட்சித் தொடர்பியல், இதழியல், மக்கள் தொடர்பியல் எனப் பல பெயர்களில் வழங்கும் ஊடகப் பட்டத்தின் பொருளாதார மதிப்பை, பொருளியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

எனக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. என் தங்கை பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுக் காட்சித் தொடர்பியலில் சேர விரும்பினாள். எங்கள் ஊரிலிருந்து நாள்தோறும் போய்வரும் தொலைவில் அப்பாடம் ஒரு சுயநிதிக் கல்லூரியில்தான் இருக்கிறது. "நீதான் பொருளாதாரம் படிக்கிறாயே, கணக்குப் போட்டுச் சொல்" என்றார் அப்பா. அப்போது போட்ட கணக்கே இக்கட்டுரைக்கு அடிப்படை.

பட்டம் எதனால் பணம் தருகிறது?

பட்டம் பெற்றவருக்கு ஏன் கூடுதல் ஊதியம் கிடைக்கிறது என்பதற்குப் பொருளியலில் இரு விளக்கங்கள் உண்டு. 1964இல் வெளிவந்த தம் நூலில் கேரி பெக்கர் விரித்துரைத்தது மனித மூலதனக் கோட்பாடு. கல்வி ஒருவரின் திறனை வளர்க்கிறது. வளர்ந்த திறனுக்கு ஊதியம் வளர்கிறது என்பது அதன் சாரம். 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் வேறொரு விளக்கம் தந்தார். முதலாளிக்கு விண்ணப்பதாரரின் உண்மைத் திறன் தெரியாது. பட்டம் அத்திறனைக் காட்டும் ஓர் அடையாளமாகப் பயன்படுகிறது என்றார் அவர்.

இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது சட்டத்தின் வேலி. வழக்கறிஞராக வேண்டுமானால் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி சட்டப் பட்டம் கட்டாயம். மருத்துவருக்கும் அவ்வாறே. வேலி இருப்பதால் உள்ளே இருப்பவரின் ஊதியத்துக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. செய்தியாளருக்கு அப்படி ஒரு வேலி இல்லை. 2013இல் இந்தியப் பத்திரிகை மன்றத்தின் அப்போதைய தலைவர் செய்தியாளருக்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதியை ஆராய ஒரு குழுவை அமைத்தார். ஆனால் அது சட்டமாகவில்லை. ஆகவே தமிழ் இலக்கியம் படித்தவரும், வேதியியல் படித்தவரும், பட்டமே பெறாதவரும் ஒரே வேலைக்குப் போட்டியிடலாம். பேச்சுரிமை உள்ள நாட்டில் அப்படி இருப்பதே நன்று. எனினும் பட்டத்துக்குப் பணம் கட்டுபவர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

செலவுப் பக்கம்

செலவு என்றதும் நாம் கட்டணத்தை மட்டும் எண்ணுகிறோம். படிக்கும் மூன்று ஆண்டுகளில் ஈட்டாமல் விட்ட ஊதியமும் செலவே. இதனை வாய்ப்புச் செலவு என்று முதலாண்டிலேயே படித்திருக்கிறோம். ஆனால் வீட்டுக் கணக்கில் அதை மறந்துவிடுகிறோம்.

எடுத்துக்காட்டாக, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒருவர் ஒளிப்பட நிலையத்தில் மாதம் 12,000 ரூபாய்க்குச் சேர்வதாகக் கொள்வோம். மூன்று ஆண்டுகளில் அவர் பெறுவது 4,32,000 ரூபாய். கல்லூரிக்குச் செல்பவர் இதை இழக்கிறார். கல்விக் கட்டணம் இல்லாத அரசுக் கல்லூரியில் தேர்வுக் கட்டணம், பேருந்து, புத்தகம் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் ஆகும் எனக் கொண்டால், மொத்தச் செலவு 4,77,000 ரூபாய். ஆண்டுக்கு ஓர் இலட்சம் கட்டணமும், கேமராவுக்கும் கணினிக்கும் 60,000 ரூபாயும் ஆகும் இடத்தில் மொத்தச் செலவு 7,92,000 ரூபாய்.

2022இல் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டம் போன்று மாதம் 1,000 ரூபாய் தரும் உதவி கிடைத்தால் 36 மாதங்களில் 36,000 ரூபாய் குறையும். ஆனால் அது எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் குறைவதால், இரண்டுக்கும் உள்ள இடைவெளி மாறுவதில்லை.

வரவுப் பக்கம்

வரவு என்பது பட்டதாரி வாங்கும் ஊதியம் முழுவதும் அன்று. பட்டம் இன்றியே கிடைத்திருக்கக் கூடிய ஊதியத்தைக் கழித்த பின் எஞ்சுவதே பட்டத்தின் வரவு. நிலையத்தில் மூன்று ஆண்டு வேலை கற்றவர் இப்போது 15,000 ரூபாய் பெறுகிறார், பட்டதாரி 18,000 ரூபாயில் தொடங்குகிறார் என்று கொள்வோம். பட்டத்தின் வரவு மாதம் 3,000 ரூபாய். ஆண்டுக்கு 36,000 ரூபாய். 4,77,000 ரூபாயை மீட்க 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 7,92,000 ரூபாயை மீட்க 22 ஆண்டுகள் ஆகும்.

அந்த வேறுபாடு மாதம் 8,000 ரூபாயாக இருந்தாலோ, முதற்செலவு 5 ஆண்டுகளிலும் மற்றது 8 ஆண்டுகளுக்குச் சற்று மேலும் மீண்டுவிடும். பின்னாளைய ஊதிய உயர்வையும் விலைவாசியையும் எளிமை கருதி விட்டுவிட்டேன். இவை மாதிரி எண்களே. அவரவர் தம் ஊரின் எண்களை இட்டுப் பார்க்கலாம். எந்த எண்ணை இட்டாலும் முடிவைத் தீர்மானிப்பது அந்த மாத வேறுபாடே.

கடன் வாங்கினால் கணக்கு இன்னும் கடினமாகிறது. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அக்காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். கட்டணமும் கருவிகளுமான 3,60,000 ரூபாயை 10 விழுக்காட்டு வட்டிக்கு வாங்கினால் ஆண்டு வட்டி 36,000 ரூபாய். மேலே கண்ட முதல் வரவும் அதே 36,000 ரூபாய்தான்! பட்டம் ஈட்டித் தருவதை வட்டியே உண்டுவிடும். அசல் அப்படியே நிற்கும். இந்த வரியை எழுதிக் காட்டியபோது எங்கள் வீட்டில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

சராசரி என்னும் மயக்கம்

"எங்கள் மாணவர்களின் சராசரி ஊதியம் 30,000 ரூபாய்" என்று ஒரு கையேடு சொல்லுமானால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஐந்து பேர் முறையே 12, 14, 15, 18, 91 ஆயிரம் ரூபாய் பெற்றால், கூட்டுச் சராசரி 30 ஆயிரம். ஆனால் ஐவரில் நால்வர் 20 ஆயிரத்தைத் தொடவில்லை. நடுவில் நிற்பவர் பெறும் 15 ஆயிரமே இடைநிலை அளவு. திரையிலும் தொலைக்காட்சியிலும் ஒருசிலர் மிக உயரே செல்வதால், ஊடகத் துறையில் சராசரியை விட இடைநிலை அளவே நம்பத்தக்கது.

2016 முதல் தரவரிசை வெளியிட்டுவரும் தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பில் பங்கேற்கும் கல்லூரிகள், வேலை பெற்ற மாணவர்களின் இடைநிலை ஊதியத்தைத் தெரிவிக்கின்றன. அதைப் பார்ப்பது நலம். ஆனால் அதிலும் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். அது வேலை கிடைத்தவர்களின் கணக்கு மட்டுமே. மேலும் மூன்றாண்டுப் பட்டங்கள் அனைத்தும் ஒன்றாகவே எண்ணப்படுவதால், வணிகவியல் மாணவரின் ஊதியமும் அதில் கலந்திருக்கும். ஆகவே துறை ஆசிரியரிடமே சென்று, "சென்ற ஆண்டு இத்துறையில் முடித்தவர் எத்தனை பேர்? இன்று ஊடக வேலையில் இருப்பவர் எத்தனை பேர்?" என்று கேட்பதே நேர்வழி.

வேறுபாட்டை உயர்த்துவது எது?

காகிதம் மட்டும் அதை உயர்த்தாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், வழக்கமான செய்திக் குறிப்பு எழுதுதல், மொழிபெயர்த்தல் முதலியவற்றை இயந்திரமும் செய்கிறது. ஆனால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்கும் முதியவரிடம் பேசி உண்மையறிதல், ஊராட்சியின் வரவுசெலவைப் படித்துப் பொருள் காணுதல், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி சரியான கேள்வியை எழுதுதல், பிழையற்ற தமிழ் ஆகியவை ஆளிடமிருந்தே வரவேண்டும். இவற்றைக் கற்றுத்தரும் பட்டம் விலை பெறும். கற்றுத்தராத பட்டத்தில் கேமராவைக் கையாளும் பயிற்சி மட்டுமே மிஞ்சும். அதை நிலையத்திலும் கற்கலாம்.

மூன்றாம் வழி

சேர்வதா, விடுவதா என்ற இரண்டே வழிகள் இருப்பதாக எண்ண வேண்டியதில்லை. முதுகலை இதழியல் படிப்புகள் பலவற்றில் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் சேரலாம். 1965இல் புதுதில்லியில் தொடங்கப்பட்ட இந்திய மக்கள் தொடர்பு நிறுவனத்தின் முதுநிலைப் பட்டயப் படிப்புகளும் அவ்வாறு அமைந்தவையே. ஆக, குறைந்த செலவில் அரசுக் கல்லூரியில் வரலாறோ பொருளியலோ தமிழோ படித்துக்கொண்டே எழுதிப் பழகி, ஆர்வம் நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டு, பின்னர் ஊடகக் கல்விக்குச் செல்லலாம். அதற்குள் மனம் மாறினாலும் இழப்பில்லை. எந்தப் பட்டமாயினும் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி இரண்டு போன்ற தேர்வுகளுக்கு வழிவிடும்.

என் தங்கை வரலாறு எடுத்திருக்கிறாள். அது கணக்கு இட்ட கட்டளை அன்று. கணக்கைப் பார்த்தபின் அவளே எடுத்த முடிவு. அவள் வருத்தப்படவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். விருப்பத்துக்கும் ஒரு விலை உண்டு. அதை என் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவதென எனக்கு விளங்கவில்லை.

முடிவுரை

ஊடகப் பட்டம் வீண் என்பது என் முடிவன்று. சட்டத்தின் வேலி இல்லாத துறையில் பட்டத்தின் வரவை மாணவரே உழைத்து உண்டாக்க வேண்டும். ஆகவே செலவைச் சிறிதாக வைத்துக்கொள்வதே அறிவுடைமை என்பதே நான் கண்டது. குறைந்த செலவில் கிடைக்குமாயின் தயங்காது சேரலாம். கடன்பட்டுத்தான் சேர வேண்டுமெனில், ஆண்டு வட்டியையும் எதிர்பார்க்கும் ஆண்டு வேறுபாட்டையும் ஒரே தாளில் அருகருகே எழுதிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். அடுத்த ஆண்டு தம்பி தங்கையரைக் கல்லூரிக்கு அனுப்பவிருக்கும் நண்பர்கள் அந்தத் தாளை இப்போதே எடுத்துவைத்துக்கொள்வார்களாக.