ஒரு மலை, இரு விழாக்கள்

உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும். ஊருக்கு விழா வேண்டும். சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலைக்கு மே மாதத்தில் இரண்டு விழாக்கள் வருகின்றன. ஒன்று நாடறிந்தது, மற்றொன்று மலையறிந்தது.

நாடறிந்தது ஏற்காடு கோடை விழா. அரசு நடத்தும் இவ்விழாவில் அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியில் படகுப் போட்டி, நாய்க் கண்காட்சி எனக் கண்ணுக்கு விருந்துகள் பல. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மக்கள் திரள்வர். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டங்களும் பங்களாக்களும் எழுந்தன; வெயிலுக்கு அஞ்சி மலையேறும் வழக்கமும் வளர்ந்தது. அவ்வழக்கத்தின் பிள்ளையே கோடை விழா எனலாம்.

மலையறிந்தது சேர்வராயன் திருவிழா. 5,326 அடி உயரத்தில், பரந்த மலையுச்சியில், ஒரு குகையில் சேர்வராயனும் காவிரியம்மனும் குடிகொண்டுள்ளனர். எவராயினும் குனிந்தே உள்ளே செல்ல வேண்டும். மலையாளிப் பழங்குடி மக்கள் ஊர் ஊராக வந்து கூடி வழிபடுவர். இவர்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் என்றும், மூத்தவரான பெரியண்ணனின் வழியினரே இம்மலையில் தங்கினர் என்றும் கூறுவர். இக்கதையை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

அக்குகைக்கும் காவிரியாற்றுக்கும் தொடர்புண்டு என்பது மக்கள் நம்பிக்கை. விடுமுறையில் வீட்டுக்குச் சென்றபோது, "பாறைக்குள் ஆறு எப்படி ஓடும் பாட்டி?" என்று அறிவியல் மாணவன் என்ற மிடுக்கோடு கேட்டேன். பாட்டி சிரித்தார். "மேலே பெய்யுற மழை கீழே எங்கே போகுது? அதைச் சொல்லு முதல்ல" என்றார். விடை தெரியாமல் விழித்தேன். கல்லூரிக்குத் திரும்பியதும் நூலகத்தில் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கிறது! குகைக்குள் ஆறு இல்லாதிருக்கலாம். ஆனால் மலைக்கும் காவிரிக்கும் உள்ள உறவு பொய்யன்று.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அவர் அறிந்தவற்றை நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்? அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன்.

மாணவ நண்பர்களே! கோடை விழாவில் மலர்களைக் கண்டு மகிழுங்கள். அப்படியே மலையுச்சிக்கும் சென்று, குகை வாயிலில் சற்றே குனியுங்கள். உங்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றி ஊர்ப் பெரியோரைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.