துருவேறிய உளிகள்

கேள்வி: பாட்டனார் விட்டுச்சென்ற உளிகளும் இழைப்புளியும் துருவேறிக் கிடக்கின்றன. புதுப்பித்து உபயோகிக்கலாமா, புதியவை வாங்குவதே உத்தமமா?
– ஒரு வாசகர், கள்ளக்குறிச்சி

பதில்: மரச்சிற்பத்துக்காக 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊரில் இருந்துகொண்டு இப்படியொரு சந்தேகமா! பாட்டனார் உளி பெரும்பாலும் நல்ல எஃகாகவே இருக்கும், தாராளமாகப் புதுப்பிக்கலாம். மரப்பிடியைக் கழற்றிவிட்டு, கெட்டியாகக் கரைத்த புளிநீரில் இரும்பை ஓர் இரவு ஊறவைத்தீர்களானால், புளியிலுள்ள டார்டாரிக் அமிலத்தால் துரு இளகி, தேங்காய் நாரால் தேய்த்த மாத்திரத்தில் உதிர்ந்துவிடும். கழுவிய கையோடு ஈரம் போகத் துடைத்து மெஷின் எண்ணெய் பூசுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும்.

சாணை பிடிப்பதில்தான் சர்வ ஜாக்கிரதை வேண்டும். மின்சாரச் சாணையில் அவசரமாக அழுத்த, சூடு சுமார் 300 டிகிரியை எட்டி, வாய் விளிம்பு நீலம் பாரித்துவிட்டால், கொல்லர் பட்டறையில் ஏற்றிய பதம் அந்த க்ஷணமே நசித்துப்போகும். பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நில்லாது. ஆகையால் நொடிக்கொரு தரம் நீரில் தோய்த்துத் தீட்டுங்கள். உளியின் பின்புறம் வாயருகே துரு அரித்த குழிகள் இருந்தால், முதலில் அதைத் தட்டையான கல்லில் சமமாக்குவது அவசியம். பலரும் அலட்சியம் செய்வது இதைத்தான். இழைப்புளியின் அலகுக்கும் இதுவே விதி. பிடி உளுத்திருந்தால் வாகையில் புதிதாகக் கடைந்துகொள்ளலாம். கல்வராயன் மலைப்பக்கம் ஐப்பசி மழை இறங்குமுன் எல்லாவற்றையும் மறுபடி எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.