தீங்கற்ற கட்டியா? ஆய்வுக்கூடம் சொல்லட்டும்!

“டியூமர்னு போட்டிருக்கே, புற்றுநோயா?” என்று அம்மா கேட்டபோது, தங்கையின் ஆய்வுக்கூட அறிக்கை என் கையில் இருந்தது. தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் அறிவியல் படித்த எனக்கே, அந்த ஆங்கில அறிக்கையைத் தமிழில் விளக்கச் சிறிது நேரம் பிடித்தது. அந்த விளக்கத்தை இங்கே உங்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

தங்கைக்குப் பத்து வயதில் புருவ ஓரத்தில் ஒரு கட்டி தோன்றியது. வலியில்லை, ஆனால் கல்லைப் போல் கடினம். பாட்டி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினார். பிறகு குளுவாங்கில் ஒரு கிளினிக்கில் ‘வெறும் கொழுப்புக்கட்டி’ என்று அறுத்தெடுத்தார்கள். எடுத்ததை ஆய்வுக்கு அனுப்பவில்லை. எட்டு மாதத்தில் அதே இடத்தில் கட்டி மீண்டும் தலைகாட்டியது. இம்முறை ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையில் அதனை முழுமையாக அகற்றி ஆய்வுக்கு அனுப்பினார்கள். அறிக்கையில் வந்த பெயர் பைலோமேட்ரிகோமா.

இது மயிர்க்காலில் முடியை உருவாக்கும் செல்களிலிருந்து வளரும் தீங்கற்ற கட்டி. பெரும்பாலும் இருபது வயதுக்குட்பட்டோருக்குத் தலை, கழுத்து, கைகளில் தோன்றும். 1880இல் மல்ஹெர்ப், ஷெனாந்தே ஆகிய பிரெஞ்சு மருத்துவர்கள் இதனை முதலில் விவரித்தபோது எண்ணெய்ச் சுரப்பியில் தோன்றுவதாகக் கருதினர். மயிர்க்காலே பிறப்பிடம் என்பது 1961இல் தெளிவானது. பீட்டா கேட்டனின் மரபணுவில் ஏற்படும் மாற்றமே பெரும்பாலும் இதற்குக் காரணம் என 1999இல் கண்டறியப்பட்டது. கட்டிக்குள் கால்சியம் படிவதால்தான் அந்தக் கடினம். பாட்டி வெளியே பூசிய சுண்ணாம்பிலும் கால்சியம்தான்!

கட்டியின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை மேலெழுவது, தோலை இழுத்துப் பிடித்தால் கூடாரம்போல் முனைகள் தெரிவது ஆகியவை மருத்துவருக்குக் கிடைக்கும் குறிப்புகள். எனினும், நுண்ணோக்கியில் உட்கருவை இழந்த ‘நிழல் செல்களை’ப் பார்த்த பின்னரே நோய் உறுதியாகும்.

பெயர் தெரிவது ஏன் அவசியம்? தொடர் கண்காணிப்பு அதைப் பொறுத்தே அமைகிறது. ஒற்றைப் பைலோமேட்ரிகோமாவை முழுமையாக அகற்றினால் மீண்டும் வருவது அரிது; தழும்பைக் கவனித்து வந்தால் போதும். பல தோன்றினால் தசைநோய் போன்ற பரம்பரை நோய் உண்டா எனப் பார்ப்பார்கள். டிரைக்கிலெம்மோமா என்னும் மற்றொரு மயிர்க்கால் கட்டி முகத்தில் பல இருந்தால், அது கௌடன் நோயின் அறிகுறியாகலாம். அந்நோய் உள்ளவர்களுக்கு மார்பக, தைராய்டு புற்றுநோய் அபாயம் அதிகம். டிரைகோஎபிதீலியோமாவோ தோல் புற்றுநோயின் ஒரு வகையைப் போலவே தோற்றமளிக்கும். ஆக, ‘தீங்கற்றது’ என்பது வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடும் சொல்லன்று.

ஆகவே நண்பர்களே, வீட்டில் யாருக்கேனும் கட்டி அகற்றப்பட்டால் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். முழுமையாக எடுத்தாயிற்றா? ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினீர்களா? அறிக்கை எப்போது கிடைக்கும்?

“புற்றுநோய் இல்லம்மா, முடி வளரும் இடத்தில் வந்த சாதாரணக் கட்டி,” என்று நான் சொன்ன பிறகுதான் அம்மா அன்று சாப்பிட உட்கார்ந்தார். அந்த அறிக்கை இன்று தங்கையின் பிறப்புச் சான்றிதழோடு ஒரே கோப்பில் இருக்கிறது.