சிறு குழந்தையின் பிறந்த நாள் விருந்து

பிறந்த நாள் என்றாலே வீட்டில் குதூகலம்தான். முன்னாளில் குழந்தையைத் தலை முழுகச் செய்து, புத்தாடை உடுத்தி, பாயசமோ சர்க்கரைப் பொங்கலோ வைத்து, அண்டை வீடுகளுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவதோடு விழா முடிந்துவிடும். இன்றோ கேக், பலூன், விருந்தினர் கூட்டம் என்று விழா விரிந்துவிட்டது. சிற்றூர்களிலும் இவ்வழக்கம் பரவியிருக்கிறது. விழா பெரிதாகும்போது சமையலறை வேலையும் பெரிதாகிறது. அதில் ஒரு பங்கு வீட்டிலுள்ள பெண் பிள்ளைகளிடம் வந்து சேர்கிறது. “தம்பிக்கு மூன்று வயது ஆகிறதே, என்ன பலகாரம் செய்யலாம்?” என்று அம்மா கேட்டால், மனையியல் பயிலும் மாணவி என்ன விடை கூற வேண்டும்?

பல வீடுகளில் இக்கேள்விக்கு விடை கூறுவது விருந்தினரின் கண்களே. “போன மாதம் அடுத்த வீட்டில் நான்கு வகை வைத்தார்கள், நாம் ஐந்தாவது வைக்க வேண்டாமா?” என்று கணக்குப் போடுகிறோம். ஆனால் அன்றைய விழாவின் தலைவன் 3 வயதுக் குழந்தை. வருகின்ற சின்னஞ்சிறு விருந்தினரும் அவன் வயதினரே. ஆகவே நாம் ஆலோசனை கேட்க வேண்டியது மூன்றிடம் மட்டுமே: குழந்தையின் வாய், குழந்தையின் வயிறு, சுவரிலுள்ள கடிகாரம். இம்மூன்றும் ஒப்புக்கொள்ளும் உணவே எளிய உணவாகும்.

வாய் கூறுவது

குழந்தைக்கு 20 பால் பற்களும் முளைத்து முடிய ஏறத்தாழ 3 வயது ஆகும். பற்கள் இருந்தாலும் அரைத்து மென்று விழுங்கும் பழக்கம் முற்றுப்பெறுவதில்லை. மூச்சுக்குழாயோ மிகக் குறுகலானது. சிரித்துக்கொண்டும் ஓடிக்கொண்டும் உண்ணும்போது, உணவுக்குழாய்க்குச் செல்ல வேண்டிய துண்டு மூச்சுக்குழாய்க்குள் நழுவிவிடலாம். ஒரு நிலக்கடலைப் பருப்பே அதனை அடைக்கப் போதுமானது.

ஆதலால் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலை, முழு முந்திரி, சோளப்பொரி, சீடை, பெப்பர்மிண்ட் போன்ற கடினமான மிட்டாய்கள் ஆகியவற்றைக் கொடுக்கலாகாது. வெளிப்படையாகத் தெரியாத ஆபத்துகளும் உண்டு. எலுமிச்சைச் சாதத்தில் கடலை இருக்கும். கேசரியிலும் பாயசத்திலும் முந்திரியும் திராட்சையும் இருக்கும். மிக்சரில் இவை எல்லாமே இருக்கும். முந்திரியின் சுவை வேண்டுமானால் அதைப் பொடித்துச் சேர்க்கலாம். திராட்சைப் பழத்தை விதை நீக்கி நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும். பச்சைக் கேரட்டையும் ஆப்பிளையும் துண்டுகளாகக் கொடுப்பதைவிட வேகவைத்தோ துருவியோ கொடுப்பது நல்லது. உடைந்த பலூனின் துணுக்கும் தொண்டையை அடைக்கக் கூடியதே. அதை உடனே பொறுக்கி அப்புறப்படுத்த வேண்டும்.

உணவைப் போலவே உண்ணும் முறையும் முக்கியமானது. பாய் விரித்துக் குழந்தைகளை உட்கார வைத்துப் பரிமாற வேண்டும். வாயில் உணவுடன் ஓடவிடக் கூடாது. பெரியவர் ஒருவர் பந்தி முடியும்வரை அருகிலேயே இருக்க வேண்டும்.

இவ்வளவு கவனித்தும் தொண்டையில் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? குழந்தை பலமாக இருமினால் இருமவிட வேண்டும். இருமவும் அழவும் மூச்சுவிடவும் இயலாவிட்டால், அதனை முன்புறம் குனியச் செய்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் 5 முறை தட்ட வேண்டும். வெளிவராவிட்டால், 1 வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் பின்னே நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே கைகளைச் சேர்த்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை அழுத்த வேண்டும். 1 வயதுக்குட்பட்ட சிசுவின் வயிற்றை அழுத்தலாகாது. முதுகில் தட்டிய பின் மார்பின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும். அடைப்பு நீங்கும்வரை இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்ய, மற்றொருவர் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவக் கூடாது, அது இன்னும் உள்ளே போய்விடும். முதலுதவிப் பயிற்சி பெற்றவரிடம் இதனை நேரில் கற்றுக்கொள்வது சிறப்பு.

வயிறு கூறுவது

குழந்தையின் வயிறு சிறியது. ஒவ்வொரு பண்டத்திலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று ஓர் எளிய கணக்கு உண்டு. 3 வயதுக் குழந்தைக்கு 3 மேசைக்கரண்டி வைத்தால் போதும். வேண்டுமென்று கேட்டால் மறுமுறை வைக்கலாம். இலை நிறையப் பரிமாறிவிட்டு, “மிச்சம் வைக்கிறானே” என்று கோபிப்பது முறையன்று.

அடுத்து இனிப்பைப் பார்ப்போம். ஒருநாள் உணவின் சக்தியில், சேர்க்கப்படும் சர்க்கரையின் பங்கு 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டுமென உலக நலவாழ்வு நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. பழச்சாற்றிலும் தேனிலும் உள்ள சர்க்கரையும் இக்கணக்கில் சேரும். 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் மேலும் நன்று. 3 வயதுக் குழந்தையின் ஒருநாள் உணவை ஏறத்தாழ 1000 கிலோகலோரி என்று கொள்வோம். அதில் 10 விழுக்காடு 100 கிலோகலோரி. 1 கிராம் சர்க்கரை 4 கிலோகலோரி தருவதால், இது 25 கிராம் சர்க்கரைக்குச் சமம்.

இனி நம் விருந்தைக் கணக்கிடுவோம். மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை நான்கையும் சம எடையில் சேர்த்த சாதாரணக் கேக்கில் நாலில் ஒரு பங்கு சர்க்கரை. 30 கிராம் துண்டில் அது 7.5 கிராம். கீழே கூறும் கேசரியில் 30 கிராமுக்கு 6 கிராம் சர்க்கரை. இரண்டும் சேர்ந்து 13.5 கிராம்தான். ஆனால் இவற்றோடு 200 மில்லி புட்டிக் குளிர்பானம் கொடுத்தால் என்னவாகும்? பல குளிர்பானங்களில் 100 மில்லிக்கு 10 கிராம் அளவில் சர்க்கரை இருக்கிறது. 13.5 கிராம் 33.5 கிராம் ஆகி, ஒருநாள் எல்லையை ஒரு மாலைப்பொழுதே தாண்டிவிடும். ஆகவே கேக்கையும் கேசரியையும் குழந்தையிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. குளிர்பானத்தை நிறுத்தினாலே போதும். காய்ச்சி ஆறிய நீரே குழந்தைக்கு ஏற்ற பானம்.

கண்ணைப் பறிக்கும் நிறங்களிலும் மயங்கலாகாது. துணிக்கு ஏற்றும் ரோடமின்-பி என்னும் சாயம் கலந்த பஞ்சு மிட்டாயின் விற்பனையைத் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்ததை நினைவுகூர்க. கடையில் பொட்டலமாக வாங்கும் பண்டங்களில் 14 இலக்க உரிம எண்ணும் கடைசித் தேதியும் உள்ளனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.

விருந்தினரில் 1 வயது நிரம்பாத சிசு இருந்தால், அதற்குத் தேன் ஒரு துளியும் நாவில் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் சிசுவின் குடலில் வளர்ந்து, கொடிய நஞ்சை உண்டாக்கக்கூடும். முட்டை, பால், கடலை, கோதுமை ஆகியவை சில குழந்தைகளுக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். முட்டை சேர்க்காத வீட்டுப் பிள்ளைகளும் வருவர். எனவே அழைக்கும்போதே, “உங்கள் குழந்தைக்கு ஆகாதது ஏதேனும் உண்டா அக்கா?” என்று தாய்மாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்ல உபசாரமாகும்.

கடிகாரம் கூறுவது

சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது. 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். நம் ஊர்க் கோடையில், 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயில் நாளில், ஒரு மணி நேரமே எல்லை என்று கொள்வது பாதுகாப்பு.

காலையில் கிளறிய சாதத்தை மாலை விருந்துக்கு வைப்பது பலர் செய்யும் காரியம். வேகவைத்த அரிசியில் பிழைத்திருக்கும் ஒருவகை நுண்ணுயிர், வெப்பத்தில் கிடக்கும்போது நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. பெரியவருக்கு ஒரு வாந்தியோடு போவது, குழந்தையின் உடலிலுள்ள நீரை வற்றச் செய்து ஆபத்தில் கொண்டுபோய் விடலாம். தேங்காய்ச் சட்னியும் பாலேடு தடவிய கேக்கும் இவ்வாறே விரைவில் கெடுபவை. “முன்கூட்டியே செய்துவிட்டால் வேலை எளிது” என்பது எல்லாப் பண்டத்துக்கும் பொருந்தாது என்பதை இதனால் அறிகிறோம்.

ஒரு மாதிரி விருந்து

12 குழந்தைகளும் 8 பெரியவர்களும் வரும் மாலை விருந்துக்கு ஒரு திட்டம் காண்போம்.

குட்டி இட்லி: குழந்தைக்கு 5 வீதம் 60, மறுமுறைக்கு 20, ஆக 80. காரம் குறைத்த சாம்பாரில் முருங்கைக்காய், கறிவேப்பிலை, மிளகாய் ஆகியவற்றை நீக்கி, பருப்பை நன்கு மசித்துத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கலாம்.

உருளைக்கிழங்கு வடை: வேகவைத்து மசித்த கிழங்கில் உப்பும் துருவி வேகவைத்த கேரட்டும் சேர்த்து, சிறு வட்டங்களாகத் தட்டி, தோசைக்கல்லில் இரு புறமும் சிவக்க எடுக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டி வேண்டாம். குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதுவும் ஒரு நிம்மதி.

வாழைப்பழம்: குழந்தைக்குப் பாதி வீதம் 6 பழங்கள். பரிமாறும்போதுதான் நறுக்க வேண்டும்.

கேசரி: ரவை 150 கிராம், சர்க்கரை 150 கிராம், நெய் 60 கிராம், தண்ணீர் 450 மில்லி. கிளறி இறக்கினால் ஏறத்தாழ 750 கிராம் கிடைக்கும். குழந்தைக்கு 30 கிராம் வீதம் 360 கிராம் போக, மீதி பெரியவர்களுக்குத் தாராளமாகப் போதும்.

பெரியவர்களுக்குப் பெரிய இட்லி, அதே சாம்பார், காப்பி. அவர்களுக்கென்று தனிச் சமையல் தேவையில்லை.

வேலை முறை வருமாறு: முதல் நாள் மாலையே மாவரைத்து வைத்து, காலையில் பொங்கியதும் குளிர்பதனப் பெட்டியிலோ குளிர்ந்த இடத்திலோ வைக்க வேண்டும். விருந்து 4.30 மணிக்கு என்றால், 3.30-க்குக் கிழங்கும் பருப்பும் வேகட்டும். 4.15-க்குக் கேசரி கிளறலாம். குழந்தைகள் விளையாடும் நேரத்தில், 4.45-க்கு இட்லித் தட்டை அடுப்பிலேற்றினால், 5 மணிக்குச் சுடச்சுட எடுத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்துப் பரிமாறலாம். கேக்கை முதலில் வெட்டினாலும் உடனே உள்ளே எடுத்துச் சென்று துண்டு போட வேண்டும். குழந்தைகள் இட்லி உண்டபின் அது வரட்டும். முதலிலேயே இனிப்பு வந்தால் இட்லியைத் தொட மாட்டார்கள். சமைப்பவரும் பரிமாறுபவரும் உண்பவரும் சோப்பினால் கை கழுவ வேண்டுமென்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

செலவு

மேலே கூறிய பொருள்களில் பக்கத்து மளிகைக் கடையிலும் காய்கறிக் கடையிலும் கிடைக்காதது ஒன்றுமில்லை. கடன் வாங்கிப் பிறந்த நாள் கொண்டாடி, அடுத்த மாதப் பால் கணக்கைக் கொடுக்க இயலாமல் தவிக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். ஐந்து வகைப் பலகாரம் வைத்ததை 3 வயதுக் குழந்தை நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. ஆனால் அன்று தாய் அடுப்படியிலேயே கிடந்தாளா, தன்னோடு பாயில் அமர்ந்து ஊட்டினாளா என்பதை அதன் மனம் அன்றே உணரும். எளிய உணவைத் தேர்ந்தெடுக்கும் மாணவி, தன் தாயை அடுப்படியிலிருந்து மீட்டுத் தம்பியின் பக்கத்தில் அமர்த்துகிறாள். அவள் அவ்விருவருக்கும் தரும் பிறந்த நாள் பரிசு அதுவே.

பயிற்சி

1. உங்கள் வீட்டில் வழக்கமாகச் செய்யும் ஐந்து பலகாரங்களை எழுதி, வாய், வயிறு, கடிகாரம் ஆகிய மூன்றும் ஒப்புக்கொள்பவை எவை என்று குறிக்க.

2. 20 குழந்தைகளுக்குக் கேசரி செய்யத் தேவையான ரவை, சர்க்கரை அளவுகளைக் கணக்கிடுக. குழந்தைக்கு 30 கிராம் வீதம் கொள்க.

3. சர்க்கரைப் பொங்கலை 3 வயதுக் குழந்தைக்கு ஏற்றவாறு மாற்றுவது எவ்வாறு?