முத்துப்பேட்டை லைன்: சாவியைத் திருகும் முன்

உரக் கம்பெனியிலோ விதைக் கம்பெனியிலோ வேலை கிடைத்து, ‘ஹெட்குவார்ட்டர் முத்துப்பேட்டை, சொந்த வண்டி அவசியம்’ என்று ஆர்டர் வந்திருக்கிறதா? கூடவே டூர் பிளானும் வந்திருக்கும். திங்கள் திருத்துறைப்பூண்டி, செவ்வாய் மன்னார்குடி, புதன் பட்டுக்கோட்டை, வியாழன் வேதாரண்யம், நாளுக்குப் பத்து டீலர் என்று சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து யாரோ போட்டிருப்பார்கள். அதை அப்படியே ஓட்டினால் முதல் மாதமே வண்டியும் இடுப்பும் சர்வீஸுக்குப் போகும். டெல்டாவில் லைன் போடக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. ஆற்றில் தண்ணீர் எப்போது, வயலில் அறுப்பு எப்போது என்று தெரிந்தவர்தான் இங்கே நேரத்தோடு வீடு திரும்புவார்.

முதலில் ஆறு. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு என்று காவிரியின் கிளைகள் வரிசையாக வந்து முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக் காயலில் விழுகின்றன. ஊர்ச்சாலைகள் பல இந்த ஆற்றங்கரைகளின் மேலேயே ஓடுகின்றன. போனில் மேப் ‘கடை வந்துவிட்டது’ என்று சொல்லும். கடை எதிர்க்கரையில் இருக்கும், பாலமோ நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். எனவே டீலர் பட்டியலை ஊர்வாரியாகப் பிரிக்காமல் கரைவாரியாகப் பிரியுங்கள். எந்தப் பாலத்தில் லாரி போகும், எதில் பைக் மட்டும் போகும் என்று உரக்கடையில் மூட்டை இறக்கும் அண்ணனிடம் கேளுங்கள். அவருக்குத் தெரிந்தது மேப்புக்குத் தெரியாது.

கரைச்சாலை பெரும்பாலும் ஒரே வண்டி அகலம்தான். எதிரே நெல் லோடு வந்தால் பின்னால் போக வேண்டியது நீங்கள். இதில் மானப் பிரச்சினை எதுவும் இல்லை. மதகு இருக்கும் இடத்தில் சாலை கொஞ்சம் அகலும், அதுவரை ரிவர்ஸ் எடுங்கள். அவசரத்தில் இடதுபக்க டயரை மண்ணில் இறக்கிவிடாதீர்கள். மேலே காய்ந்து தெரியும் கரைமண் ஐப்பசி கார்த்திகையில் உள்ளே களியாக இருக்கும். இறங்கிய வண்டியை மேலே இழுக்க டிராக்டர் தேட வேண்டிவரும்.

அடுத்தது பருவம். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம்; அணை நீர்மட்டத்தைப் பொறுத்து அது முன்பின்னாகும். திறந்த தண்ணீர் கல்லணை வந்து, கடைமடையான முத்துப்பேட்டைப் பக்கம் எட்டுவதற்குள் மேலே மன்னார்குடிக்காரர் ஒரு கட்ட வேலையை முடித்திருப்பார். மன்னார்குடிக்கும் முத்துப்பேட்டைக்கும் ஒரே வாரத்தில் ஒரே சரக்கைப் பேசுவது வீண் டீசல். மேலே முதலில், கடைமடைக்குப் பிறகு. இந்த வரிசையில் லைனை வையுங்கள். சம்பா விதைப்புக்கு முன் விதையும் அடியுரமும், மழை பிடித்தபின் யூரியாவும் பூச்சிமருந்தும் என்று டீலர் தானே சொல்வார். நெல் பக்கம் ஓய்ந்த மாதங்களில் வண்டியை மேற்கே திருப்புங்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னை நாடு. அங்கே வருஷம் முழுக்கப் பேச விஷயம் உண்டு.

கலெக்‌ஷனுக்கும் பருவம் உண்டு, இதை யாரும் டிரெய்னிங்கில் சொல்வதில்லை. விவசாயி கடனுக்கு வாங்குகிறார், டீலரும் கடனுக்குத்தான் எடுக்கிறார். தை, மாசியில் நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் அந்தச் சங்கிலி அசையும். கார்த்திகையில் போய் பாக்கி கேட்டால் காபி கிடைக்கும், செக் கிடைக்காது.

ஆனால் பாக்கி வசூலாகும் அதே மாதங்கள்தான் சாலைக்கு மிக மோசமான மாதங்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்கத் தயங்குவார்கள். களம் போதாத ஊரில் தார்ச்சாலைதான் களம். பாதி ரோட்டை நெல் மூடியிருக்கும். அதன் மேல் ஏற்றாமல் மீதிப் பாதியில் மெதுவாகப் போங்கள். அந்த நெல்லுக்குச் சொந்தக்காரர் நாளை உங்கள் டீலரின் கடையில் நிற்பார். இரவில்தான் ஆபத்து. குவித்துத் தார்ப்பாய் போர்த்தியிருப்பார்கள், காற்றில் பறக்காமல் இருக்கச் சுற்றிலும் கருங்கல் வைத்திருப்பார்கள். ஹெட்லைட்டில் கறுப்புத் தார்ப்பாய் ரோடு போலவே தெரியும், கல் தெரியவே தெரியாது. தை, மாசியில் இருட்டிய பிறகு கிளைச்சாலை வேண்டாம். சுற்றானாலும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஏறிவிடுங்கள். அறுவடை இயந்திரம் ஏற்றிய லாரி முன்னால் போனால் முந்தாமல் பின்னாலேயே போங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு விதி போதும்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை டேங்க் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது, டேஷ்போர்டில் ரொக்கம் கொஞ்சம் இருக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியபோது இந்தப் பக்கம் முழுக்கத் தென்னை சாய்ந்து சாலை அடைபட்டது. கரண்ட் நாள்கணக்கில் வரவில்லை. கரண்ட் இல்லாத ஊரில் பங்க்கும் ஓடாது, ஏடிஎம்மும் ஓடாது.

பணக் கணக்கைச் சேரும் முன்பே பேசுங்கள். கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதோடு நிற்காமல், அதில் டயரும் சர்வீஸும் அடக்கமா என்றும் கேளுங்கள். காலையும் மாலையும் ஓடோமீட்டரைப் போனில் படம் எடுத்துவைத்தால் மாதக் கடைசியில் டிஏ பில்லில் வாக்குவாதம் வராது. வேதாரண்யம் லைன் போய்வந்தால் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். உப்பளக் காற்று இரும்பை விடாது. பூச்சிமருந்து சாம்பிளைப் பூட்டிய காருக்குள் வெயிலில் விட்டுப் போகாதீர்கள். டீலர் அவசரம் என்று நாலு மூட்டையை டிக்கியில் ஏற்றச் சொன்னால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். ஒருமுறை ஏற்றினால் நீங்கள்தான் அவருக்கு லோடு வண்டி.

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் முத்துப்பேட்டை கடைத்தெருவில் வேலை வைக்காதீர்கள், பல கடைகள் அடைத்திருக்கும். ஜாம்புவானோடை தர்கா கந்தூரி நாட்களில் ஊருக்குள் கார் நகராது.

கடைசியாக மேனேஜர். ஜாயிண்ட் வொர்க் என்று வருவார், மதியம் அலையாத்திக் காடு பார்க்க வேண்டும் என்பார். படகுக்கு வனத்துறை அனுமதி வேண்டும், நினைத்தவுடன் கிடைக்காது. அவர் வரும் தேதி தெரிந்த அன்றே கேட்டுவையுங்கள், படகைக் காலையில் வையுங்கள், திரும்பும் வழியில் தில்லைவிளாகம் டீலரைக் காட்டிவிடலாம், அவர் பாக்கி வைக்காதவராக இருந்தால்.