ஆயில் குழாயும் தண்ணீர்க் குழாயும்

கோபர்கைரனேயில் எங்கள் வகுப்பு இரவு எட்டு மணிக்குத் தொடங்கும். எல்லோரும் வேலை முடித்து வருகிறவர்கள். வீட்டு வேலை செய்யும் அக்காக்கள் வருவார்கள். கட்டட வேலைக்காரர்கள் வருவார்கள். கார் கேரேஜில் வேலை பார்க்கும் ஓர் அண்ணாச்சியும் வருகிறார். ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

ஒரு நாள் அவர் இரண்டு துண்டு ரப்பர் குழாய் கொண்டு வந்தார். என் முன்னால் வைத்தார்.

"தம்பி, இதுல எது ஆயில் குழாய்? எது தண்ணீர்க் குழாய்? சொல்லுங்க பாப்போம்."

இரண்டும் கறுப்பு. இரண்டும் கட்டை விரல் கனம். வெட்டிய இடத்தில் இரண்டிலும் நூல் தெரிந்தது. நான் பள்ளிப் படிப்பு முடித்தவன். எனக்கே தெரியவில்லை.

"எனக்கும் அன்னிக்குத் தெரியல. அதுக்குத்தான் மூணு மாசம் சம்பளத்துல பிடிச்சாங்க" என்றார்.

நடந்தது இதுதான். ஆட்டோமேட்டிக் கியர் கார் ஒன்று கேரேஜுக்கு வந்தது. கியர் பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்து, சிவப்பு ஆயில் சொட்டியது. கேரேஜில் தண்ணீர்க் குழாய்ச் சுருள் ஒன்று கிடந்தது. அளவு சரியாக இருந்தது. அண்ணாச்சி அதை வெட்டி மாட்டினார். அன்று ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. மேஸ்திரியும் பார்த்து, சரி என்றார்.

மூன்று வாரம் போனது. தாணே – பேலாப்பூர் சாலையில் அந்தக் குழாய் கழன்றது. ஆயில் ரோட்டில் கொட்டியது. எஞ்சின் இரைந்தது, வண்டி இழுக்கவில்லை. ஓட்டியவர் விஷயம் தெரியாமல் இன்னும் அழுத்தினார். கியர் பாக்ஸுக்குள் கிளட்ச் தட்டுகள் கருகின. நல்ல வேளை, ஆயில் சூடான சைலன்சர் குழாயில் படவில்லை. பட்டால் தீப்பிடிக்கலாம்.

சரி என்று சொன்ன மேஸ்திரிக்குப் பிடித்தம் கிடையாது. அது வேறு கதை.

இந்தக் குழாய் எதற்கு? மும்பையின் பழைய பத்மினி டாக்சி நினைவிருக்கிறதா? 2023 அக்டோபரோடு அதன் ஓட்டம் முடிந்தது. அதில் கியர் கம்பி ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும். டிரைவர் காலால் கிளட்ச் மிதித்து, கையால் கியர் மாற்றுவார். ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச் மிதி இல்லை. எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே உருண்டையான ஒரு கலம் இருக்கிறது. பெயர் டார்க் கன்வெர்ட்டர். அதற்குள் இரண்டு விசிறிகள் எதிரெதிரே இருக்கும். எஞ்சின் ஒரு விசிறியைச் சுற்றும். அது ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் அடுத்த விசிறியைச் சுற்றும். இப்படிக் கடைபடும் ஆயில் சூடாகும். 80, 90 டிகிரி சூடு அதற்கு வழக்கம். 120 டிகிரியைத் தாண்டினால் ஆயில் சீக்கிரம் கெடும்.

அதனால் ஆயில் ரேடியேட்டர் பக்கம் போய் ஆறி வருகிறது. போக ஒரு குழாய், வர ஒரு குழாய். பெரும் பகுதி உலோகக் குழாய். நடுவில் கொஞ்ச தூரம் ரப்பர். எஞ்சின் குலுங்கும். ரேடியேட்டர் அப்படிக் குலுங்காது. இரண்டுக்கும் நடுவே வளைகிற பொருள் வேண்டும் அல்லவா?

கிளட்ச் மிதி இல்லாத எல்லா வண்டியிலும் இது இருக்காது. 2014-இல் மாருதி செலேரியோவில் ஏ.எம்.டி. கியர் வந்தது. அது சாதாரண கியர் பாக்ஸ்தான். கிளட்சை நம் காலுக்குப் பதில் ஒரு கருவி இயக்குகிறது. அதற்கு இந்த ஆயில் குழாய் இல்லை.

ரப்பரில் பல சாதி உண்டு. தண்ணீர்க் குழாய் ரப்பரின் பெயர் இ.பி.டி.எம். சுடுதண்ணீரை வருடக்கணக்கில் தாங்கும். ஆனால் கியர் ஆயில் பட்டால் ஊறும். கொண்டைக்கடலை தண்ணீரில் ஊறுவது போல வீங்கி, மெத்தென்று ஆகிவிடும். கிளாம்ப் பிடி நழுவும். மாட்டிய அன்று ஒழுகாததற்குக் காரணம் இதுதான். ஊற நாள் வேண்டும். கியர் ஆயிலுக்கு நைட்ரைல் போன்ற ரப்பர் வேண்டும்.

பிரேக் ஆயில் இதற்கு நேர்மாறு. பேர்தான் ஆயில். அதற்கு இ.பி.டி.எம். ரப்பர் ஒத்துப்போகும். அதில் கியர் ஆயிலைத் தவறி ஊற்றினால் பிரேக்கின் ரப்பர்கள் வீங்கிவிடும்.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? தொட்டால் தெரியாது. முகர்ந்தாலும் தெரியாது. குழாயின் மேல் அச்சடித்திருப்பதைப் படிக்க வேண்டும். எழுத்து ஆங்கிலம். நாம் படிப்பது தமிழ். பரவாயில்லை, எண் போதும். மும்பை பஸ்ஸின் நெற்றியில் எண் மராத்தி வடிவில் இருக்கும். நம் ஆட்கள் அதைப் பார்த்துத் திணறுவார்கள். குழாயில் அப்படி இல்லை. நாம் நோட்டில் எழுதும் அதே 1, 2, 3 தான்.

அமெரிக்காவில் 1905-இல் மோட்டார் எஞ்சினியர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். சுருக்கமாக எஸ்.ஏ.இ. என்பார்கள். எந்தக் குழாய் எதைத் தாங்க வேண்டும் என்று எண் போட்டு விதி எழுதியது அந்தச் சங்கம். ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் கூலர் குழாய்க்கு எண் 1532. தண்ணீர்க் குழாய்க்கு 20. பெட்ரோல் குழாய்க்கு 30. பெட்ரோல் குழாய் ஆயிலில் ஊறாது என்று சிலர் அதையே மாட்டுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாள் முழுக்கச் சூடான கியர் ஆயில் ஓடுவதற்கு என்று செய்தது அல்ல அது. குழாயில் எண்ணே இல்லையா? வண்டிக் கம்பெனியின் பார்ட் நம்பரைச் சொல்லி வாங்குங்கள்.

குழாயின் உள்வாய் அளவும் பார்க்க வேண்டும். 8 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என்று வரும். அங்குலத்தில் 5/16, 3/8 என்பார்கள். பெரிய குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்கி ஒப்பேற்றக் கூடாது. உலோகக் குழாயின் நுனியில் ஒரு மேடு இருக்கும். ரப்பர் அதைத் தாண்டி உள்ளே போக வேண்டும். கிளாம்ப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். ரொம்ப முறுக்கினால் கிளாம்ப்பே ரப்பரை அறுக்கும். குழாய் மடியக் கூடாது. சைலன்சர் குழாயை உரசக் கூடாது.

அண்ணாச்சி இரண்டு துண்டையும் விளக்கருகே திருப்பிக் காட்டினார். ஒன்றில் அச்சு பாதி அழிந்திருந்தது. விரலை வைத்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். "ஒண்ணு, அஞ்சு, மூணு, ரெண்டு."

படித்துச் சொல்லுங்கள்:

கடையில் மூன்று குழாய்கள் தொங்குகின்றன. ஒன்றில் 20 ஆர் 3 என்று இருக்கிறது. இன்னொன்றில் 30 ஆர் 7. மூன்றாவதில் ஜே 1532. எது தண்ணீருக்கு? எது பெட்ரோலுக்கு? அண்ணாச்சி அன்று எதை மாட்டியிருக்க வேண்டும்?