ரீசெட் செய்த மடிக்கணினி இயங்காவிடில் செய்யத்தக்கவை

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகள் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாறி வருகின்றன. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்கள் பலவற்றிலும் கூலிப் பட்டியலும் நூல் இருப்பும் இன்று மடிக்கணினியில் ஏறியுள்ளன. பொறி வந்தால் பழுதும் உடன் வருவது இயல்பே. அப்பழுதுகளுள் ஒன்றைப் பற்றி இம்மாதம் அறிந்துகொள்வோம்.

நாம் ஆய்வுக்குச் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றில் மடிக்கணினி மிகவும் மந்தமாக ஓடிற்று. எழுத்தர் நல்லெண்ணத்துடன் அதனை ரீசெட் செய்யத் தொடங்கினார். அதாவது, கணினியை வாங்கிய நாளில் இருந்த நிலைக்குத் திருப்ப முற்பட்டார். அதன் பாட்டரியோ நெடுநாளாகச் சத்திழந்திருந்தது. வேலை பாதியில் இருக்கையில் மின்சாரம் நின்றது, கணினியும் அணைந்தது. மறுநாள் பொத்தானை அழுத்தியபோது, துவக்குதற்குரிய சாதனம் இல்லை என்ற ஆங்கில அறிவிப்பு மட்டும் திரையில் தோன்றியது. இரண்டு மாதக் கூலிக் கணக்கு அதனுள் இருந்தது. கூலி நாளுக்கோ நான்கு நாட்களே இருந்தன.

நேர்ந்தது யாது? பாவு முடியும் தறுவாயில், பழைய இழைகளின் நுனிகளை அச்சிலும் விழுதிலும் விட்டுவைத்து, புதிய பாவை அவற்றோடு பிணைப்பது நெசவாளர் வழக்கம். அந்நுனிகள் உருவப்பட்டுவிடின், தறி பழுதற்றதாயினும் நெசவு தொடங்காது. இழை ஒவ்வொன்றையும் மீண்டும் கோத்தல் வேண்டும். ரீசெட் இடையில் நின்ற கணினியின் நிலையும் இத்தகையதே. பெரும்பாலும் பொறி கெட்டிருப்பதில்லை. அதனைத் துவக்கி வைக்கும் நிரல் மட்டும் குலைந்திருக்கும். ஆகவே பதற்றமின்றிக் கீழ்க்கண்ட முறையில் முயலலாம். விண்டோஸ் கணினிகளுக்கு இம்முறை பொருந்தும்.

முதலாவது, மின்சாரத்தைச் சோதிக்க வேண்டும். பென்டிரைவ், பிரிண்டர், மவுஸ் ஆகிய யாவற்றையும் கழற்றிவிடுக. சார்ஜரையும் நீக்கி, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து விடுக. பின்னர்ச் சார்ஜரை இணைத்து இயக்கிப் பார்க்க. விளக்கும் எரியாமல் விசிறி ஓசையும் எழாவிடில், குறை சார்ஜரிலோ உட்பகுதியிலோ உள்ளது. பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதே முறை.

இரண்டாவது, பொறுமை வேண்டும். திரையில் வட்டம் சுழன்றுகொண்டிருந்தால் வேலை இன்னும் நடைபெறுவதாக இருக்கலாம். பழைய ஹார்டு டிஸ்க் உடைய கணினியில் ரீசெட் முடியப் பல மணி நேரம் ஆவதுண்டு. இடையில் அணைத்தலே பல கணினிகள் முடங்குதற்குக் காரணமாகும்.

மூன்றாவது, பழுதுநீக்கப் பகுதியை நாட வேண்டும். துவக்கம் தொடர்ந்து இரண்டு மூன்று முறை தடைப்பட்டால் விண்டோஸ் தானாகவே அப்பகுதியைத் திறக்க முயலும். அங்கு 'டிரபிள்ஷூட்', அதனுள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதனுள் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' என்பதைத் தேர்ந்தெடுக்க. பிட்லாக்கர் பூட்டு உள்ள கணினியாயின் 48 இலக்க மீட்பு எண் கேட்கப்படலாம். அவ்வெண்ணை முன்கூட்டியே எழிதாகக் கிடைக்குமாறு எழுதி, சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வைத்தல் நலம்.

நான்காவது, பழுதுநீக்கப் பகுதியும் திறவாவிடில், பயாஸ் அமைப்பைப் பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்தியவுடன் எஃப்2 அல்லது டெலிட் விசையைத் தட்டினால் பல கணினிகளில் அது திறக்கும். வேறு விசை உடைய கணினிகளும் உண்டு. அங்குள்ள பட்டியலில் டிஸ்க்கின் பெயர் காணப்படுகிறதா என்று நோக்குக. காணப்படின், துவக்க வரிசையில் அதனை முதலாவதாக வைத்துச் சேமிக்க. காணப்படாவிடில், டிஸ்க் பழுதுற்றிருக்கலாம் அல்லது அதன் இணைப்புத் தளர்ந்திருக்கலாம்.

ஐந்தாவது வழி, விண்டோஸைப் புதிதாக நிறுவுதல். இதற்குமுன் ஒரு கணம் நிற்க வேண்டும். உள்ளிருக்கும் கணக்கு தேவையெனில், டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து, எஞ்சியவற்றை முதலில் எடுத்துக்கொள்க. புதிதாக நிறுவினால் பழையவற்றின்மேல் எழுதப்பட்டுவிடும். பிறகு, நன்றாக இயங்கும் வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவல் நிரலை 8 ஜி.பி. பென்டிரைவில் இறக்குக. பென்டிரைவில் முன்பு இருந்தவை அழியும் என்பதை மறத்தல் கூடாது. அதனைப் பழுதுற்ற கணினியில் செருகி, அதிலிருந்தே துவக்க வேண்டும். முறையான உரிமத்துடன் வந்த விண்டோஸ் ஆயின், அதே பதிப்பை நிறுவி இணையத்தில் இணைத்ததும் பெரும்பாலும் உரிமம் தானே ஏற்கப்படும். மீண்டும் விலை கொடுக்க வேண்டுவதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தமையால், கணினி ஏற்குமாயின் விண்டோஸ் 11-ஐ நிறுவுதல் தகும்.

நாம் கூறிய சங்கத்தில் கணினி அன்று மாலையே இயங்கிற்று. ஆனால் கணக்கு மீளவில்லை. 'எல்லாவற்றையும் நீக்கு' என்ற பிரிவை எழுத்தர் தேர்ந்தெடுத்திருந்தார். வேறு பிரதியும் இல்லை. 'கோப்புகளை வைத்திரு' என்ற பிரிவைத் தேர்ந்தாலும் கணக்கு நிரல் நீங்கிவிடும். அந்நிரலின் கோப்புறையிலேயே உள்ள கணக்கும் தப்பும் என்று நம்புதற்கில்லை.

பின்னர் அச்சங்கத்தைக் காத்தவை அங்கத்தினர் வீடுகளில் இருந்த பாஸ் புத்தகங்களே. நூல் பெற்ற நாள், துணி ஒப்படைத்த நாள், பெற்ற கூலி ஆகியவற்றை அவற்றிலிருந்தும், ரசீதுகளின் அடிக்கட்டையிலிருந்தும் மூன்று நாட்கள் அமர்ந்து எடுத்தெழுதினோம். கூலி உரிய நாளில் வழங்கப்பட்டது. எனினும், இரண்டு வாரங்களாகப் பாஸ் புத்தகத்தில் பதியாமல் விட்ட சிலர் தம் கூலிக்கு மேலும் காத்திருக்க நேர்ந்தது. துணியை ஒப்படைத்தும் அதனை மெய்ப்பிக்கச் சான்றின்றி அவர்கள் நின்ற நிலை நமக்கு மிகுந்த வருத்தம் அளித்தது.

விதைநெல்லைத் தனியே எடுத்து வைக்காத உழவர் இல்லை. கணக்கின் பிரதியும் சங்கத்திற்கு விதைநெல்லே. வாரம் ஒரு முறை அதனைத் தனி டிஸ்க்கில் எடுத்து, கணினி இருக்கும் அறையில் வையாது வேறிடத்தில் பூட்டி வைக்க. மாதம் ஒரு முறை அப்பிரதியைத் திறந்து பார்க்க. பிரதி கையிலின்றி ரீசெட் பொத்தானைத் தொடற்க.

இது எழுத்தரின் கடமை மட்டுமன்று. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில், "கணக்கின் பிரதி எங்கே உள்ளது?" என்று ஒவ்வோர் அங்கத்தினரும் வினவலாம். நூல் பெறும்போதும் துணி கொடுக்கும்போதும் பாஸ் புத்தகத்தில் பதிவு செய்வித்தே வீடு திரும்புதல் வேண்டும்.